முதற் சோடி மேஸ்: குறோசே ஊசியில் காலளவுக்குப் பின்னுவது

மேஸ், அதாவது காலுறை, பின்னுவது பெரிய வித்தை என்று நினைத்தே பலர் கைப்பை, மேசைவிரிப்பு, குழந்தைத் தொப்பி என்பதோடு நின்றுவிடுகிறார்கள். குறோசே ஊசியில், அதாவது முனையில் கொக்கியுள்ள ஊசியில், சங்கிலி போடத் தெரிந்து, ஒரே தையலைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் போடவும் தெரிந்தால் முதற் சோடியைத் தொடங்கிவிடலாம். திருகோணமலையில் இதற்குத் தேவையும் இருக்கிறது. வாடைக் காற்றோடு மழை பிடித்துக்கொள்கிற கார்த்திகை, மார்கழியில் விடியற்புறம் டைல்ஸ் தரை சில்லிட்டுக் கிடக்கும். வயதானவர்களுக்குக் கால் விறைத்துப் போகும். இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிற மகன், பள்ளிச் சுற்றுலாவில் நுவரெலியா போகிற பிள்ளை, கனடாவில் பிறந்த பேரப்பிள்ளை என்று எந்த வீட்டிலும் யாராவது ஒருவருக்கு இது உதவும்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குறோசே துணி, கடை மேஸைப் போல இழுபடாது. கடையில் வாங்குவது மெல்லிய நூலில் இயந்திரம் பின்னியது, அதில் இழுபடும் இழையும் கலந்திருக்கும். அதனால் சற்றுப் பெரிய காலையும் சற்றுச் சிறிய காலையும் அது ஏற்றுக்கொள்ளும். நாம் பின்னுவது பின்னிய அளவிலேயே நிற்கும். எந்த ஊசி, எத்தனை தையல், கணுக்காலில் எவ்வளவு தளர்வு, விளிம்பை எந்தத் திசையில் பின்னுவது என்று கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு காரணத்தால் வருபவை. இது விளங்கிவிட்டால் எந்தக் காலுக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நூலும் ஊசியும்

முதற் சோடிக்கு மிக மெல்லிய நூல் வேண்டாம். உறையில் 8 பிளை அல்லது டிகே என்று போட்டிருக்கும் நடுத்தரத் தடிப்பு நூலை எடுங்கள். வளர்ந்த பெண் ஒருவரின் கணுக்கால் வரையான சோடிக்கு 100 கிராம் அளவாக இருக்கும். ஒரே தொகுதியில் சாயம் போட்ட நூல் பிறகு கிடைக்காமல் போகலாம் என்பதால் இன்னுமொரு உருண்டை சேர்த்து வாங்குவது நல்லது. வெளிநாடுகளில் மேஸுக்கென்றே விற்கும் நூலில் பெரும்பாலும் 75 வீதம் செம்மறியாட்டுக் கம்பளியும் 25 வீதம் நைலோனும் இருக்கும். கம்பளி சூட்டுக்கு, நைலோன் தேயாமல் இருப்பதற்கு. நம் கடைகளில் இலகுவாகக் கிடைப்பது அக்ரிலிக். அது மலிவு, கழுவ இலகு, குளிருக்கும் போதும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் வெக்கையில் போடுவதற்கென்றால் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் பரவாயில்லை. தனிப் பருத்தி நூல் ஒருமுறை இழுபட்டால் பழைய அளவுக்குத் திரும்பாது, மேஸ் தொளதொளத்துப்போகும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு, கடும் நீலம் இரண்டிலும் தையல் எங்கே இருக்கிறதென்றே கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் மின்சாரமும் போனால் இன்னும் சிரமம். பிரதான வீதி, மத்திய வீதிப் பக்கத்துப் பிடவைக் கடைகளிலும் தையல் சாமான் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். விரும்பிய தடிப்புக் கிடைக்காவிட்டால், கொழும்புக்குப் போகிற யாரிடமாவது புறக்கோட்டையில் வாங்கிவரச் சொல்லலாம்.

ஊசி இரண்டு வேண்டும்: 3.5 மில்லிமீற்றர் ஒன்று, 4 மில்லிமீற்றர் ஒன்று. நூல் உறையில் 4 என்று போட்டிருந்தாலும் பாதப் பகுதிக்கு 3.5 எடுப்பது துணி நெருக்கமாக வரவேண்டும் என்பதற்காக. இடைவெளி விட்ட துணி நடக்க நடக்கத் தேய்ந்து ஓட்டையாகும். கடற்காற்றுக்கு இரும்பு ஊசி துருப்பிடித்து நூலில் கறை பிடிக்கும், அலுமினிய ஊசியாகப் பார்த்து வாங்குங்கள். இவற்றோடு அளவுநாடா, கத்தரிக்கோல், முனை மழுங்கிய பெரிய கண் ஊசி, அடையாளம் வைக்க வேறு நிற நூல் துண்டுகள், ஒரு கொப்பி, பென்சில்.

தையல்கள்

தேவையான தையல் மூன்றுதான். பின்னிய தையலை மேலிருந்து பார்த்தால் அதன் தலை சடைப்பின்னல் மாதிரி இரண்டு இழையாகத் தெரியும்: உங்கள் பக்கம் இருப்பது முன் இழை, அப்பால் இருப்பது பின் இழை. வேறாகச் சொல்லாத இடமெல்லாம் ஊசியை இரண்டு இழைக்கும் அடியால் நுழையுங்கள்.

ஒற்றைத் தையலுக்கு ஊசியை நுழைத்து, நூலைக் கொளுவி வெளியே இழுங்கள். ஊசியில் இரண்டு கண்ணி நிற்கும். மறுபடி நூலைக் கொளுவி இரண்டினூடாகவும் இழுத்தால் தையல் முடிந்தது. அரைத் தையலுக்கு நுழைக்குமுன் நூலை ஊசியில் ஒருதரம் சுற்றிக்கொள்ள வேண்டும். நுழைத்து இழுத்ததும் மூன்று கண்ணி இருக்கும். நூலைக் கொளுவி மூன்றினூடாகவும் ஒரே இழுவையில் எடுங்கள். நழுவல் தையல் என்பது நுழைத்து, கொளுவி, ஊசியில் இருப்பதனூடாகவும் சேர்த்து இழுத்துவிடுவது. இணைப்பதற்கு மட்டுமே அது உதவும்.

வேறு குறிப்புகளையும் பார்த்துப் பின்னப்போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நான் ஒற்றை என்று சொல்வதை அமெரிக்கக் குறிப்புகள் சிங்கிள் குறோசே என்கின்றன. பிரித்தானியக் குறிப்புகள் அதையே டபிள் குறோசே என்கின்றன. அரைத் தையல் அமெரிக்க முறையில் ஹாஃப் டபிள், பிரித்தானிய முறையில் ஹாஃப் ட்ரெபிள். அம்மாமார் வைத்திருக்கும் பழைய புத்தகங்கள் பெரும்பாலும் பிரித்தானிய முறை, இணையத்தில் வருபவற்றில் அதிகம் அமெரிக்க முறை. எது என்று பார்க்காமல் தொடங்கினால் மேஸ் அளவு பிழைத்து வந்து நிற்கும்.

அளவெடுத்தல்

போடப்போகிறவரை நிற்க வைத்து அளவெடுங்கள். இருக்கும்போதும் நிற்கும்போதும் பாதத்தின் அகலம் ஒன்றாக இருக்காது. நான்கு அளவு வேண்டும். விரல்களுக்குச் சற்றுக் கீழே, பாதம் அகன்றிருக்கும் இடத்தின் சுற்றளவு. பெருவிரல் நுனியிலிருந்து குதிக்கால் வரையான நீளம். கணுக்காலின் சுற்றளவு. நான்காவதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள்: குதிக்காலின் பின்முனையில் நாடாவை வைத்து, சரிவாக மேற்பாதத்தின் மடிப்பைச் சுற்றிக் கொண்டுவந்து எடுக்கிற அளவு. மேஸ் போடும்போது கணுக்கால் பகுதி இந்தப் பெரிய சுற்றைத் தாண்டித்தான் மேலே ஏறவேண்டும். பாதம் 22 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள ஒருவருக்கு இது 30 வரையில் வரும். பாதத்துக்குப் பொருந்திய மேஸ் காலில் ஏறாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே.

பிறகு ஒரு மாதிரித் துண்டு. 3.5 ஊசியில் 24 சங்கிலி போட்டு, அரைத் தையலில் ஒரு சதுரமாக வரும்வரை பின்னுங்கள். நடுவில் அடிமட்டத்தை வைத்து 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை தையல் என்று எண்ணுங்கள். 18 வந்தால், ஒரு சென்ரிமீற்றருக்கு 1.8. பாதச் சுற்றளவில் 2 சென்ரிமீற்றர் கழித்துப் பெருக்குங்கள்: 20 பெருக்கல் 1.8, 36. மேஸ் காலைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால்தான் காலைப் பற்றிப் பிடிக்கும், மடிப்பு விழாது. வருகிற எண்ணை நாலால் வகுபடுகிற பக்கத்து எண்ணாக்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு மணித்தியால வேலையைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஒருவரின் கை இறுக்கம், இன்னொருவரின் கை இளக்கம். என் எண்ணிக்கை உங்கள் கைக்குப் பொருந்தும் என்று சொல்லமுடியாது.

கீழே 36 தையலுக்கு, 23 சென்ரிமீற்றர் நீளமான காலுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு 32 வந்தால் கூட்டும் சுற்று ஒன்று குறையும், 40 வந்தால் ஒன்று கூடும்.

விரல் முனை

விரலிலிருந்து மேல்நோக்கிப் பின்னுவோம். அப்போதுதான் இடையிடையே காலில் போட்டுப் பார்க்கமுடியும்.

3.5 ஊசியில் 9 சங்கிலி. ஊசிக்குப் பக்கத்தில் இருப்பதை விட்டு, இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் ஒற்றைத் தையல்: 8. இப்போது துண்டைத் திருப்பாமல் அப்படியே சுழற்றி, அதே சங்கிலியின் அடிப்பக்கத்தில் இன்னும் 8 போடுங்கள். மொத்தம் 16, சிறு நீள்வட்டமாகத் தெரியும். சுற்றை மூடவேண்டியதில்லை, சுருளாகத் தொடர்ந்து போகலாம். ஒவ்வொரு சுற்றின் முதல் தையலிலும் நிற நூல் துண்டைச் செருகி, சுற்று முடிய மேலே மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பக்கத்தின் முதல் தையலிலும் கடைசித் தையலிலும் இரண்டிரண்டு போடுங்கள்: 20. மூன்றாம் சுற்றிலும் அப்படியே: 24. இனி ஒரு சுற்று கூட்டாமல், ஒரு சுற்று கூட்டி என்று மாறிமாறி: நாலாவது 24, ஐந்தாவது 28, ஆறாவது 28, ஏழாவது 32, எட்டாவது 32, ஒன்பதாவது 36. விரல்களில் தொப்பியாக மாட்டிப் பாருங்கள், சின்னவிரலின் அடி வரை மூடவேண்டும். தொடக்கத்து நூல் முனையை உள்ளே இழுத்து, 5, 6 சென்ரிமீற்றருக்குத் தையல்களுக்குள் ஓடவிட்டு வெட்டுங்கள். முடிச்சுப் போடாதீர்கள். விரலுக்கடியில் ஒரு முடிச்சு இருந்தால் பத்து அடி நடக்கவே குத்தும்.

பாதம்

இது வாய்ப்பாடு மாதிரி ஓடும். அரைத் தையலுக்கு மாறி, கூட்டாமல் குறைக்காமல் சுற்றுக்கு 36 ஆகப் பின்னிக்கொண்டே போங்கள். எங்கே நிறுத்துவது? காலின் நீளத்தில் 6 சென்ரிமீற்றர் கழியுங்கள். 23 என்றால், விரல் நுனியிலிருந்து 17 வந்ததும் நிறுத்தலாம். அரைத் தையலில் ஏறக்குறைய 17 சுற்று வரும், ஆனால் சுற்றை எண்ணுவதைவிட நாடாவை நம்புங்கள். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை தையலை எண்ணி 36 இருக்கிறதா என்று பாருங்கள். நூல் உருண்டை முடிந்தால் புதியதை மேற்பாதப் பக்கமாகப் பார்த்துச் சேருங்கள்.

குதிக்காலுக்கு வழிவிடுதல்

இனி வருவதுதான் மேஸின் உயிர்நிலை, ஆறுதலாகச் செய்யுங்கள். சுருளாகப் பின்னும்போது தையல்கள் சுற்றுக்குச் சுற்றுக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சரிந்துகொண்டே போகும், வலக்கைக்காரருக்கு வலப்பக்கம். ஆகையால் உங்கள் அடையாள நூல் இப்போது மேஸின் ஓரத்தில் இருக்காது, நடுப்பாதத்துக்குக் கூட வந்திருக்கும். அதை நம்பிக் குதிக்காலைத் தொடங்கினால் குதிக்கால் கோணலாக, கணுக்காலின் பக்கத்தில் போய் நிற்கும். மேஸை மேசையில் வைத்து, விரல் முனை தட்டையாகப் படுக்கும்படி அழுத்துங்கள். அந்த மடிப்பு ஓரத்தைத் தொடும்வரை சில தையல்கள் மேலதிகமாகப் பின்னி, அங்கே புதிய அடையாளம் வையுங்கள்.

அந்த ஓரத்திலிருந்து 22 சங்கிலி போடுங்கள். அடியிலுள்ள 18 தையல்களைத் தாண்டி, 19ஆவதில் அரைத் தையல் போட்டு, மீதிப் பாதி சுற்றையும் முடியுங்கள். துணியில் ஒரு வாய் திறந்திருக்கும். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், குதிக்கால் கடைசியாக அங்கே வரும். 18ஐத் தாண்டி 22 போட்டது, முன்பு அளந்த அந்தப் பெரிய சுற்றுக்காக. சங்கிலி முறுகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கணுக்கால்

4 மில்லிமீற்றர் ஊசிக்கு மாறுங்கள். சங்கிலியில் 22, மேற்பாதத்தில் 18, மொத்தம் 40 அரைத் தையல். மூன்று சுற்று முடிந்ததும் காலில் போட்டுப் பாருங்கள். குதிக்கால் இந்த வளையத்தினூடு மல்லுக்கட்டாமல் ஏறவேண்டும். ஏறவில்லை என்றால் இங்கேயே பிரித்து, 22க்குப் பதில் 26 சங்கிலி போட்டு மறுபடி வாருங்கள். மூன்று சுற்றைப் பிரிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். நன்றாக ஏறினால் மேலும் நாலு சுற்று பின்னி, ஒரு நழுவல் தையலோடு நிறுத்துங்கள்.

இழுபடும் விளிம்பு

மேஸ் கீழே வழியாமல் நிற்பது விளிம்பால். இழுவை காலைச் சுற்றிய திசையில் வேண்டும். சுற்றாகப் பின்னிய துணி அந்தத் திசையில் அதிகம் கொடுக்காது. ஆகவே விளிம்பைக் குறுக்காக, சிறு சிறு வரிசைகளாக நிறுத்திப் பின்னுகிறோம். பின் இழையில் மட்டும் போட்ட ஒற்றைத் தையல்கள் வரம்பு வரம்பாக எழும்பி, இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும்.

3.5 ஊசிக்குத் திரும்பி 9 சங்கிலி போடுங்கள். இரண்டாவதிலிருந்து 8 ஒற்றைத் தையலோடு கணுக்கால் ஓரத்துக்கு வாருங்கள். ஓரத்தின் அடுத்த இரண்டு தையல்களில் ஒவ்வொரு நழுவல் தையல். துண்டைத் திருப்பி, அந்த இரண்டு நழுவலையும் விட்டு, 8 தையல்களிலும் பின் இழையில் மட்டும் ஒற்றை. நுனியில் 1 சங்கிலி, திருப்பி, மறுபடி பின் இழையில் 8, ஓரத்தில் இரண்டு நழுவல். 40 தையலும் முடியும்வரை இதுவே. கடைசி வரிசையையும் முதல் வரிசையையும் பெரிய கண் ஊசியால் தைத்துவிடுங்கள். நழுவல் தையல்களை இறுக்கவேண்டாம். அவை இறுகினால் விளிம்பு என்னதான் இழுபட்டாலும் அடிப்பகுதி கயிறு கட்டியதுபோல் காலை வெட்டும்.

குதிக்கால்

திறந்து விட்ட வாயின் ஒரு மூலையில் நூலைச் சேர்த்து, 3.5 ஊசியில் ஒற்றைத் தையல்: அடியில் 18, மூலையில் 1, சங்கிலியின் மறுபக்கத்தில் 22, மற்ற மூலையில் 1. மொத்தம் 42. மூலை இரண்டிலும் நூல் இழுபட்டு ஓட்டை மாதிரித் தெரியும். அங்கே ஊசியை அந்த ஓட்டைக்குள் விடாமல், பக்கத்துத் தையலின் காலுக்குள் நுழைத்து அந்த 1ஐப் போட்டால் பெரும்பாலும் மூடிவிடும். மிச்சம் தெரிந்தால் கடைசியில் நூல் முனையை ஓட்டும்போது இரண்டு இழுவையில் அடைத்துவிடலாம்.

42ஐ 21, 21 ஆகப் பிரித்து இரண்டு அடையாளம் வையுங்கள். குறைக்கும் சுற்றில் ஒவ்வொரு பாதியின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டை ஒன்றாக்க வேண்டும்: அடுத்தடுத்த இரு தையல்களின் முன் இழைகளில் மட்டும் ஊசியை நுழைத்து, நூலைக் கொளுவி அவை இரண்டினூடாகவும் இழுத்து, பிறகு வழக்கமான ஒற்றைத் தையலாக முடிப்பது. இப்படிச் செய்தால் குறைத்த இடம் தடித்துத் தெரியாது. இரண்டாம் சுற்று 38, மூன்றாவது குறைக்காமல், நாலாவது 34, ஐந்தாவது குறைக்காமல், பிறகு ஒவ்வொரு சுற்றும் குறைத்து 30, 26, 22, 18. இங்கே ஒருமுறை போட்டுப் பாருங்கள். குதிக்கால் இறுகினால் கடைசி மூன்று சுற்றைப் பிரித்து, இடையில் குறைக்காத சுற்று ஒன்று சேருங்கள். சரியாக இருந்தால் ஒன்பதையும் ஒன்பதையும் எதிரெதிரே மடித்து வெளிப்பக்கமாகத் தட்டையாகத் தைத்து மூடுங்கள்.

மற்றக் கால்

முதல் மேஸ் முடிந்த சந்தோசத்தில் ஊசியை வைத்துவிடாதீர்கள். அன்றோ மறுநாளோ இரண்டாவதின் விரல் முனையையாவது தொடங்கிவிடுங்கள். நாள் போனால் கை இறுக்கம் மாறும், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும். கொப்பியில் சுற்று எண்ணிக்கைகளை எழுதி வைத்திருந்தால் நாடாகூடத் தேவைப்படாது. வலம், இடம் என்ற வித்தியாசம் இந்த மேஸில் இல்லை.

வயதானவர்களுக்குப் பின்னிக்கொடுப்பதானால் கட்டாயமாக ஒன்றைச் செய்யுங்கள். டைல்ஸ் தரையில், அதுவும் மழை ஈரத்தில், இந்த மேஸ் வழுக்கும். உள்ளங்கால் பக்கத்தில் நிறமில்லாத சிலிக்கோன் பசையை மிளகளவு புள்ளிகளாக வரிசையாக வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். புள்ளி தரையைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை அந்த மேஸோடு அவர்களை நடக்கவிட வேண்டாம்.

கழுவும்போது இளஞ்சூட்டுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். கம்பளி கலந்திருந்தால் சுடுநீரும் தேய்ப்பும் சேர்ந்து அதைச் சுருக்கிக் கட்டியாக்கிவிடும். மென்மையான சவர்க்கார நீரில் அமுக்கி எடுத்து, முறுக்காமல் துவாயில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாகப் போடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பொழுது சாயுமுன் காய்ந்துவிடும். வாடை மழையில் மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க வையுங்கள், ஈரத்தோடு மடித்து வைத்தால் மணக்கும்.

மிச்ச நூலை எறியாமல் அந்தக் கொப்பியோடு ஒரு பையில் கட்டி வையுங்கள். முதலில் தேய்வது குதிக்கால். குதிக்காலைத் தனியாகக் கடைசியில் வைத்துப் பின்னியதால், தேய்ந்த நாளில் மூடிய தையலை வெட்டி அந்த ஒன்பது சுற்றை மட்டும் பிரித்தெடுத்து, அதே 42 தையலிலிருந்து புதிதாகப் பின்னிவிடலாம்.